குறுக்கெழுத்தில் நாலு கட்டம் மிச்சம்: அகராதியா, அம்மாவா, வாட்ஸ்அப்பா, ஏஐயா?

என் தங்கை மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி வேலைக்குப் போகிறாள். அங்கே வரும் தமிழ் நாளிதழில் தினமும் குறுக்கெழுத்து போடுவதை ஆறு மாதமாகப் பழக்கமாக்கிக்கொண்டிருக்கிறாள். போன மாதம் போனில் கேட்டாள்: "பெரியம்மா, எப்பவும் நாலஞ்சு கட்டம் மிச்சம் நிக்குது. போனைப் பார்த்து நிரப்பினா அது ஏமாத்து வேலையா?" இதே கேள்வியை வேறு மூன்று பேரும் வேறு வேறு விதமாக என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் அகராதி வாங்கலாமா என்றார், இன்னொருவர் ஏஐயிடம் கேட்டால் போதாதா என்றார்.

ஏமாற்று வேலை இல்லை. பரிசுப் போட்டியாக இருந்தால் அதன் விதியைப் பாருங்கள், மற்றபடி தினசரிக் கட்டம் உங்களுக்கும் காகிதத்துக்கும் நடுவில் உள்ள விஷயம். 1920-களில் அமெரிக்காவில் குறுக்கெழுத்து மோகம் தலைக்கேறிக் கிடந்தபோது பால்டிமோர் அண்ட் ஓஹியோ ரயில்வே, பயணிகள் புரட்டிப் பார்ப்பதற்கென்றே ரயிலில் அகராதிகளை வைத்தது. உதவி தேடுவது அவ்வளவு பழைய பழக்கம். ஆனால் எல்லா உதவியும் ஒன்றல்ல. சில உதவி ஒரு எழுத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், சில உதவி பேனாவையே பிடுங்கிக்கொள்ளும். நான் இருபது வருஷத்துக்கு மேலாகத் தினமும் போடுகிறேன், கீழே வரும் எல்லா வழியையும் முயன்று பார்த்திருக்கிறேன்.

## முதலில், எங்கே சிக்கல்?

உதவியைத் தேர்ந்தெடுக்கும் முன் எந்த வகையில் மாட்டியிருக்கிறோம் என்று தெரிய வேண்டும். பெரும்பாலோர் இதை யோசிப்பதே இல்லை, நேரே போனை எடுத்துவிடுகிறார்கள்.

சொல் தெரியவில்லை. குறிப்பு "யானை (5)". வேழமும் களிறும் தெரியும், இரண்டும் மூன்றெழுத்து. ஐந்தெழுத்தில் ஒன்று வேண்டும்.

தகவல் தெரியவில்லை. ஒரு ஊர், ஒரு நடிகர், ஒரு விளையாட்டு வீரர். எவ்வளவு யோசித்தாலும் வராது, ஏனென்றால் உள்ளே இல்லை.

குறிப்பே புரியவில்லை. "கடலின் தலையை எடுத்து மரத்தின் தலையை வைத்தால் கடிதம் வரும் (3)" என்பது போன்றவை. கடலில் க போய் ம வந்தால் மடல். அகராதியில் எவ்வளவு தேடினாலும் இந்தப் பூட்டு திறக்காது, குறிப்பைப் பிரித்துப் படிக்கத் தெரிய வேண்டும்.

ஏற்கெனவே எழுதியது தப்பு. இதுதான் ஆளைக் கொல்லும், இதைத்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஒரு நாள் "ஐவகை நிலங்களில் ஒன்று (4)" என்று குறிப்பு. குறிஞ்சி, மருதம், நெய்தல் மூன்றும் நான்கெழுத்து. மூன்றாம் கட்டத்தில் த ஏற்கெனவே விழுந்திருந்தது, குறிஞ்சி போய்விட்டது, நானும் சந்தோஷமாக மருதம் என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதிவிட்டேன். நெய்தலிலும் மூன்றாவது த-தானே என்று தோன்றவில்லை. கடைசி ம் கட்டத்தைக் குறுக்கே வெட்டி இறங்கும் சொல்லுக்குக் குறிப்பு "தின்பண்டம் (3)". நடுவில் ம் வரும் தின்பண்டத்தைத் தேடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அகராதியைப் புரட்டினேன், போனைப் பார்த்தேன். கடைசியில் அம்மாவிடம் கேட்டேன். அம்மா தின்பண்டத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, "நடுவுல ம் சரிதானா?" என்று மட்டும் கேட்டாள். விடை அல்வா.

## எதை வைத்து ஒப்பிடுவது?

நான் பார்ப்பது நான்கு.

ஒன்று, அந்த உதவி எழுத்துக் கணக்கைச் சரியாகச் சொல்லுமா. தமிழ்க் குறுக்கெழுத்தில் ஒரு கட்டம் ஒரு எழுத்து: உயிர், மெய், உயிர்மெய் எதுவானாலும் ஒரு கட்டம். இது நமக்குச் சாதாரணம், கணினிக்கு இல்லை, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டு, நமக்கு எவ்வளவு மிச்சம் வைக்கும். ஒரு எழுத்து, ஒரு கோடி காட்டல், ஒரு பட்டியல், முழு விடை என்று படிகள் உண்டு. முதல் படிகளிலேயே நிற்க நிற்க நல்லது. எனக்கு இந்த ஒன்றுதான் மற்ற மூன்றையும்விடப் பெரியது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்று, அடுத்த வாரம் அதே சொல் வந்தால் நினைவுக்கு வருமா. அது கட்டாயம் வரும், ஏனென்றால் சின்னக் கட்டத்துக்குள் அடங்கும் இரண்டு, மூன்றெழுத்துச் சொற்கள் திரும்பத் திரும்பப் புழங்கும்.

நான்கு, பணம், நேரம், இன்னொருவருடைய பொறுமை. பணம் இதில் கடைசிதான்.

## மொழியே தரும் உதவி

இதை யாரும் உதவிக் கணக்கில் சேர்ப்பதில்லை. பள்ளியில் வேண்டாவெறுப்பாகப் படித்த எழுத்து இலக்கணம் கட்டத்துக்குள் அப்படியே வேலை செய்கிறது.

மெய்யெழுத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காது. ண, ழ, ள, ற, ன வரிசையிலும் தொடங்காது. ட, ர, ல மூன்றும் பழைய விதிப்படி வரக் கூடாதவைதான், ஆனால் டப்பா, ரயில், லட்டு எல்லாம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டதால் அவற்றுக்கு இடம் விட வேண்டும். கடைசிக் கட்டத்தில் க், ச், ட், த், ப், ற் வந்தால் கேக், சூப் மாதிரி வெளிச் சொல்லாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எங்கோ தப்பு. நடுவில் ங் விழுந்தால் அடுத்த கட்டம் அநேகமாகக் க வரிசைதான். ந் என்றால் பெரும்பாலும் த. க், ச், த், ப் நான்கும் தமிழ்ச் சொல்லில் தம் இனத்தையே அடுத்துக் கூப்பிடும்: பக்கம், அச்சம், முத்து, உப்பு. சக்தி, பக்தி போன்றவை வடமொழி வரவு. ர், ழ் இரண்டும் தம்மையே அடுத்து வரா.

இன்னொன்று, நானாகக் கண்டுகொண்டது. கடைசி எழுத்து கிடைத்தால் பெரிய உதவி என்று நினைப்போம், தமிழில் அது ரொம்ப ஏமாற்றும். "அரசன் (4)" என்றால் மன்னன், வேந்தன், காவலன் மூன்றும் பொருந்தும், மூன்றிலும் கடைசி ன். நிறையச் சொற்கள் ன், ம், ல்-லில் முடிகிற மொழியில் வால் எதையும் சொல்லாது. மூன்றாம் எழுத்து கிடைக்கட்டும், ன என்றால் மன்னன், த என்றால் வேந்தன், ல என்றால் காவலன், கதை முடிந்தது. அதனால் எந்தக் குறுக்குச் சொல்லை முதலில் போடுவது என்று தயங்கினால் நடு எழுத்தை வெட்டிப் போகும் சொல்லைப் போடுங்கள்.

பல தமிழ்த் தாள்களில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் மட்டுமில்லாமல் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் சொற்கள் ஓடும். அங்கே தலை எது, வால் எது என்று பார்த்துவிட்டு மேலே சொன்ன விதிகளைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். "கலைந்துள்ளது" என்று அடைப்பில் போட்டிருந்தால் விதி எதுவும் செல்லாது. "நம் தேசியப் பறவை, கலைந்துள்ளது (3)" என்றால் மயில் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் கட்டத்தில் எந்த வரிசையில் எழுதுவது? ஆறு வரிசை இருக்கிறது. குறுக்கே ஒரு எழுத்து விழுந்தால் இரண்டாகக் குறையும், இரண்டு விழுந்தால் ஒன்றுதான். இதற்கு உலகத்தில் எந்த அகராதியும் எந்தக் கணினியும் உதவ முடியாது, பக்கத்துச் சொற்களைப் போடுவதுதான் ஒரே வழி.

இந்த உதவியின் விலை பொறுமை மட்டும். சொல் உள்ளே எங்கோ இருந்தும் நாக்கு நுனிக்கு வராத நேரத்துக்கு இதுதான் சிறந்தது. சொல்லே தெரியாதென்றால் பயனில்லை.

## அகராதியும் நிகண்டும்

சொல் தெரியவில்லை என்ற முதல் வகைச் சிக்கலுக்கு இதற்கு மிஞ்சியது இல்லை. ஆனால் எந்த அகராதி என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சாதாரண அகராதி சொல்லிலிருந்து பொருளுக்குப் போகும். குறுக்கெழுத்துக்காரருக்கு வேண்டியது தலைகீழ்: பொருள் கையில் இருக்கிறது, சொல் வேண்டும்.

நம் முன்னோர் செய்து வைத்த நிகண்டுகள் அந்த வேலையைத்தான் செய்கின்றன. திவாகரம், பிங்கலம், சூடாமணி மூன்றிலும் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று பொருள்வாரியாகத் தொகுதிகள் இருக்கும். விலங்கின் தொகுதியில் யானைக்குப் போனால் யானையின் பெயர்கள் வரிசையாக நிற்கும். சூடாமணியின் பதினோராம் தொகுதி எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தின்படி அடுக்கப்பட்டது. இரண்டாம் எழுத்து மட்டும் கையில் இருக்கும் நாளில் அதை ஒருமுறை திறந்து பாருங்கள், நமக்காகவே செய்த மாதிரி இருக்கும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1732-ல் வீரமாமுனிவர் செய்த சதுரகராதி. நான்கு பகுதி அதில்: பெயரகராதி ஒரு சொல்லுக்கு உள்ள பொருள்களைச் சொல்லும், பொருளகராதி ஒரு பொருளுக்கு உள்ள பெயர்களைச் சொல்லும், தொகையகராதி முக்கனி, ஐம்பூதம், நவமணி என்று எண்ணிக்கை வைத்து வருபவற்றைச் சொல்லும், தொடையகராதி எதுகைச் சொற்களை அடுக்கித் தரும். "நவமணிகளில் ஒன்று", "முக்கனிகளில் ஒன்று" என்று வாரத்தில் எத்தனை குறிப்பு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். தொகையகராதி ஒன்று போதும், அந்த ரகம் முழுக்கத் தீர்ந்தது.

பழைய சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939-ல் ஒரு பிற்சேர்க்கை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். அங்கே ஒரு வசதி: தலைச்சொல்லில் மட்டுமில்லாமல் விளக்கத்துக்குள்ளும் தேடலாம், விளக்கங்கள் ஆங்கிலத்திலும் இருப்பதால் யானைக்கு உரிய ஆங்கிலச் சொல்லைப் போட்டாலே யானையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் கொட்டும். இன்றைய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, மூன்றாம் பதிப்பு 2020-ல் வந்தது. நிகண்டுகள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் கிடைக்கின்றன, காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

மறைந்திருக்கும் விலையையும் சொல்கிறேன். பேரகராதி யானைக்குக் காட்டும் சொற்களில் பாதியை எந்தத் தினசரிக் கட்டத்திலும் நீங்கள் பார்க்க மாட்டீர்கள், அதை நம்பி அபூர்வச் சொல்லை எழுதிவிட்டால் நான்காம் வகைச் சிக்கலில் போய் விழுவீர்கள். புத்தகம் எடுத்தால் வழிதவறிப் போகும் ஆபத்தும் உண்டு, குஞ்சரம் தேடப் போய் குடிஞை என்றால் ஆந்தையா ஆறா என்று படித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். எனக்கு அது நஷ்டமாகத் தோன்றவில்லை, எட்டரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவருக்கு நஷ்டம்தான்.

## வீட்டு மனிதர்கள்

அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. காலையில் காபி ஆறும் வரை நான் குறிப்பைப் படிப்பேன், அவள் கேட்பாள். ஒரு நாள் "யானை, மூணு எழுத்து, முதல் எழுத்து து" என்றேன். வேழம், களிறு என்று எனக்குத் தெரிந்த எதிலும் து இல்லை. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்.

"யானைக்குக் கை எது?"

"தும்பிக்கை."

"கையை எடுத்துடு."

தும்பி. தும்பியின் கை தும்பிக்கை. இத்தனை வருஷம் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு அதற்குள் ஒரு யானை நிற்பதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். பேரகராதியில் தும்பி என்ற பதிவைப் பார்த்திருந்தால் அடுத்த வாரமே மறந்திருப்பேன். இப்போது மறக்க முடியாது.

விடை தெரிந்தும் அதைச் சொல்லாமல், நம் கையில் இருப்பதிலிருந்தே எடுக்க வைப்பது எல்லோராலும் ஆகாது. அது மனிதரிடம்தான் கிடைக்கும், அதிலும் எல்லா மனிதரிடமும் கிடைக்காது. என் தம்பி குறிப்பைப் பாதி படிக்கும்போதே விடையைக் கத்திவிடுவான். அவனுக்கு நிறையத் தெரியும், உதவியாளாக அவன் சரிப்பட மாட்டான். அதனால் கேட்கும்போதே "விடை வேண்டாம், ஒரு கோடி காட்டு" என்று சொல்லிவிட வேண்டும். எழுத்துக் கணக்கையும் கையில் உள்ள எழுத்துகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் நேரமும் வீண்.

மறைந்த விலை அவர்களுடைய காலை நேரம். சமையலில் இருப்பவரை மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டால் நாலாம் நாள் "எனக்குத் தெரியாது" என்றே பதில் வரும். ஒரு நாளைக்கு இரண்டு கேள்வி என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். குறிப்பு புரியாதபோதும், எழுதியதில் தப்பு இருக்குமோ என்ற சந்தேகம் வரும்போதும் மனிதர்தான் முதல் தேர்வு. புதுக் கண் படும்போது தப்பு தானாகத் தெரியும்.

## வாட்ஸ்அப் குழு

வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்கு இது வரம். அதே தாளை வாங்கும் பத்துப் பேர் சேர்ந்தால் போதும், யாருக்காவது சினிமா தெரியும், யாருக்காவது சங்க இலக்கியம் தெரியும், ஒருவர் கிரிக்கெட் பார்ப்பவராக இருப்பார்.

ஆனால் குழு நன்றாக ஓடுவதும் கெடுவதும் ஒரே விஷயத்தில் இருக்கிறது: விடையை எப்படிப் போடுகிறார்கள். நான் இருந்த ஒரு குழுவில் காலை ஆறரைக்கே ஒருவர் முழுதாக நிரப்பிய கட்டத்தைப் படம் எடுத்துப் போட்டுவிடுவார். நல்ல மனசுதான், ஆனால் போனைத் திறந்தவுடன் அந்த நாள் கட்டம் செத்துப்போகும். இரண்டு மாதத்தில் வெளியே வந்துவிட்டேன். இப்போதுள்ள குழுவில் பத்து மணிக்கு முன் விடை கிடையாது, "இ-வ 7 (இடமிருந்து வலம், ஏழாம் எண்), ஒரு எழுத்து கொடுங்கள்" என்று மட்டும் கேட்கலாம். விடை சொல்பவர் வரிவரியாகப் புள்ளிகள் வைத்து, செய்தி மடங்கிக்கொண்ட பிறகு அடியில் எழுதுவார். பார்க்க விரும்பாதவர் திறக்க வேண்டாம்.

இன்னொரு விலை வேகப் போட்டி. ஏழு மணிக்கே "முடிச்சாச்சு" என்று நாலு பேர் போட்டால் நம் கை அவசரப்படும். அவசரத்தில் மருதம் எழுதுவோம்.

## கூகுள்

தகவல் குறிப்புக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் இது நேர்மையான, வேகமான உதவி. தலைநகரம், விருது, வருஷம், வீரர் பெயர். இதில் யோசித்து வெல்ல ஒன்றும் இல்லை, தெரியும் அல்லது தெரியாது, பார்த்துத் தெரிந்துகொள்வதில் வெட்கமும் இல்லை.

சொல் தேடலுக்கு இது சரியில்லை. ஆங்கிலத்தில் தெரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போட்டுத் தேடும் தளங்கள் நிறைய உண்டு, அவை நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அங்கே ஒரு எழுத்து கணினிக்கும் ஒரு எழுத்துதான். தமிழில் "மி" என்பது நமக்கு ஒரு கட்டம், கணினிக்குள் அது ம தனி, இகரக் குறி தனி, ஆக இரண்டு. புள்ளியும் தனி. "தமிழ்" நமக்கு மூன்றெழுத்து, யூனிகோடில் ஐந்து குறியீடு. தமிழுக்கென்றே எழுத்தைப் பிரிக்கும்படி எழுதாத தேடுகருவியில் "மூன்றெழுத்துச் சொல்" என்று கேட்டால் அது "தமிழ்" என்ற சொல்லைக் காட்டாது.

## ஏஐ அரட்டைச் செயலி

இதைப் பற்றித்தான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். இதுவும் தமிழை எழுத்து எழுத்தாகப் படிப்பதில்லை. சொற்களைத் துண்டுகளாக்கி வைத்துக்கொள்கிறது, அந்தத் துண்டுக்கும் நம் கட்டத்துக்கும் சம்பந்தமில்லை. நான் ஒருமுறை "யானை, ஐந்தெழுத்து, மூன்றாவது ச" என்று கேட்டேன். வாரணம் என்று சொல்லி, அது ஐந்தெழுத்து என்று உறுதியும் கொடுத்தது. "எழுத்து எழுத்தாகப் பிரித்து எழுது" என்றதும் வா-ர-ண-ம் என்று எழுதி, நான்கு என்று திருத்திக்கொண்டது. விடை குஞ்சரம், அதை நான்தான் பேரகராதியில் எடுத்தேன். ஆகவே இதைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு சொல்லையும் கோடு போட்டுப் பிரித்துத் தரச் சொல்லுங்கள், பிறகு விரலை வைத்து எண்ணுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, இல்லாத சொல்லை இருப்பதுபோல் சொல்வது. எழுத்துக் கணக்கு சரியாக வரும், குறுக்கெழுத்துகளோடு பொருந்தும், பொருளும் அழகாகச் சொல்லும், ஆனால் அப்படி ஒரு சொல் தமிழில் இருக்காது. தமிழ் நன்றாகத் தெரிந்தவருக்கு உடனே உறுத்தும். புதிதாகப் போட ஆரம்பித்தவருக்கு உறுத்தாது, அவர் கட்டத்தில் எழுதிவிடுவார், அதைவிட மோசம் மனசிலும் எழுதிக்கொள்வார். இதனால்தான் புதியவர்களுக்கு இதை முதல் உதவியாக நான் சொல்வதில்லை. அது தரும் எந்தப் புதுச் சொல்லையும் ஒரு அகராதியில் பார்க்காமல் மையில் எழுதாதீர்கள்.

கட்டத்தைப் படம் எடுத்துப் போட்டு முழுதாக நிரப்பச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பல நேரம் அது கறுப்புக் கட்டங்களைத் தப்பாக எண்ணும், வலமிருந்து இடம் ஓடும் சொல்லை நேராக எழுதும், கலைந்துள்ள சொல்லைக் கலைக்காமல் எழுதும்.

சரி, எதற்குத்தான் நல்லது? விடை தெரிந்த பிறகு "இந்தக் குறிப்புக்கு ஏன் இந்த விடை?" என்று கேட்க நல்லது. மடல் விடை என்று தெரிந்துவிட்டது, கடலும் மரமும் எதற்கு என்று புரியவில்லை என்றால் பெரும்பாலும் பிரித்துக் காட்டிவிடும், சரியா இல்லையா என்று நாமே சரிபார்க்கவும் முடியும். யாரும் விழித்திருக்காத நேரத்தில் "விடை சொல்லாதே, இந்தப் பொருள் எந்தத் துறையைச் சேர்ந்தது என்று மட்டும் சொல்" என்று கேட்கவும் பயன்படும். ஆனால் சில நேரம் அடுத்த வரியிலேயே விடையையும் சொல்லிவிடுகிறது.

## நாளைய விடைக்குக் காத்திருப்பது

நான்கு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு எழுந்து போவதும் ஒரு வழிதான். மாலையில் பாத்திரம் தேய்க்கும்போது தானாக வந்து விழும் சொற்கள் எத்தனையோ. அப்படி வராவிட்டாலும் இரவெல்லாம் அந்த ஓட்டை மனசில் இருப்பதால் மறுநாள் விடையைப் பார்த்ததும் பசை போல் ஒட்டிக்கொள்ளும்.

விலை என்ன? பழைய தாளைப் பத்திரமாக வைக்க வேண்டும், எங்கள் வீட்டில் மறுநாள் காலைக்குள் அது அலமாரித் தட்டில் விரிப்பாகிவிடும். அச்சான விடையே தப்பாக இருப்பதும் உண்டு, ஒரு தாளில் கட்டத்துக்கு ஒரு எழுத்து அதிகமான விடை வந்து நான் இரண்டு நாள் குழம்பியிருக்கிறேன். விடை மட்டும் வரும், காரணம் வராது.

இதோடு சேர்த்து ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாளைய விடையில் தெரியாமல் போன சொல்லைப் பொருளின் கீழ், எழுத்து எண்ணிக்கையோடு எழுதுங்கள். என் நோட்டில் யானைப் பக்கம் இப்படி இருக்கிறது: 2 – கரி, பிடி (பெண் யானை), 3 – வேழம், களிறு (ஆண் யானை), தும்பி, 4 – வாரணம், 5 – குஞ்சரம், மாதங்கம். ஒரு வருஷத்தில் இந்த நோட்டு எந்த அகராதியையும்விட உங்களுக்கு உதவும், ஏனென்றால் உங்கள் தாளில் புழங்கும் சொற்கள் மட்டுமே அதில் இருக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்தச் சிக்கலுக்கு | எழுத்துக் கணக்கு | நமக்கு மிச்சம் வைப்பது | மறைந்த விலை |
|---|---|---|---|---|
| எழுத்து இலக்கணம் | நாக்கு நுனியில் நிற்கும் சொல் | சரியாக வரும் | கிட்டத்தட்ட முழுதும் | பொறுமை. வெளிச் சொற்களில் விதி உடையும் |
| அகராதி, நிகண்டு | சொல் தெரியாதபோது | நாமே எண்ண வேண்டும் | பட்டியலிலிருந்து தேர்வு | நேரம். வழக்கில் இல்லாத சொல் |
| வீட்டு மனிதர் | குறிப்பு புரியாதபோது, தப்பு எழுதியபோது | சரியாக வரும் | கேட்கும் விதத்தைப் பொறுத்தது | அவர்கள் பொறுமை |
| வாட்ஸ்அப் குழு | எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் | சரியாக வரும் | குழுவின் ஒழுங்கைப் பொறுத்தது | கேட்காமலே வரும் விடை, அவசரம் |
| கூகுள் | தகவல் குறிப்பு | நம்ப முடியாது | ஒன்றும் இல்லை | கவனம் சிதறும் |
| ஏஐ | விடைக்குக் காரணம் கேட்க | அடிக்கடி தப்பும் | கொஞ்சம்தான் | இல்லாத சொல் |
| நாளைய விடை | அவசரமில்லாத எல்லாம் | பெரும்பாலும் சரி | ஒரு நாள் முழுக்க | காரணம் தெரியாது |

ஆங்கில நாளிதழின் கிரிப்டிக் கட்டம், அதாவது குறிப்பையே புதிராக வைக்கும் கட்டம் போடுபவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே எழுத்துத் தேடும் கருவிகள் நம்பகமானவை, ஆனால் சிக்கல் பெரும்பாலும் மூன்றாம் வகை, குறிப்பு புரியாததுதான். நேர்ப்பொருள் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் நிற்கும், மீதியெல்லாம் சொல்லைச் செய்யும் வழி, இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அதனால் கருவியைவிட, விடைகளைக் காரணத்தோடு விளக்கிச் சொல்லும் ஒரு ஆள்தான் அங்கே முதலில் வேண்டும்.

## தங்கை மகளுக்கு நான் சொன்னது

விடுதியில் தனியாக இருப்பவள், காலையில் இருபது நிமிஷம்தான் கிடைக்கும். அவளுக்குச் சொன்ன வரிசை இது. முதலில் பென்சில். மாட்டிக்கொண்டால் புதுச் சொல்லைத் தேடுவதற்கு முன் ஏற்கெனவே எழுதியதில் உறுதியில்லாத ஒன்றை அழித்துப் பார். தகவல் குறிப்பு என்றால் தயங்காமல் கூகுள். சொல் குறிப்பு என்றால் போனில் பேரகராதி, ஆனால் நான்கு கட்டத்தில் இரண்டுக்கு மட்டும். மீதி இரண்டை அப்படியே விடு, மதியம் சாப்பிடும்போது எனக்கு அனுப்பு. ஏஐயைச் சாயங்காலம் விளக்கம் கேட்க வைத்துக்கொள்.

போன வாரம் மதியம் அனுப்பியிருந்தாள்: "பெரியம்மா, சூரியன், அஞ்சு எழுத்து. பகலவன் போட்டேன், இடிக்குது." கையில் என்ன எழுத்து இருக்கிறது என்று கேட்டேன். மூன்றாவது ர என்றாள். "வயல்ல அறுக்கிறோமே, அதுதான் ஆரம்பம்" என்று எழுதினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் கட்டத்தைப் படம் எடுத்து அனுப்பினாள், பகலவனை அழித்த தடம் மேல் கதிரவன் என்று இருந்தது, பக்கத்தில் இன்னொரு வரிசை காலியாகவே கிடந்தது. அதற்குக் கோடி வேண்டாம், ராத்திரி வரை பார்க்கிறேன் என்றாள்.